பெண்ணிய வடிவமைப்பு: தொடங்குபவர்களுக்கு ஓர் அறிமுகம்

2021 செப்டம்பரில் தமிழ்நாடு சட்டமன்றத்தில் ஒரு சின்னத் திருத்த மசோதா தாக்கலானது. கடைகளிலும் நிறுவனங்களிலும் வேலை பார்ப்பவர்கள் உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்பதுதான் அதன் சாரம். கேரளம் 2018லேயே இப்படி ஒரு திருத்தத்தைக் கொண்டுவந்திருந்தது. அதற்குப் பின்னால் கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் கடைகளில் வேலை பார்த்த பெண்களின் நீண்ட போராட்டம் இருக்கிறது. முதலில் கழிப்பறை கேட்டார்கள். அப்புறம் நாற்காலி கேட்டார்கள்.

ஒரு பெரிய ஜவுளிக்கடையின் உள்ளமைப்பை நினைத்துப் பாருங்கள். புடவையை விரித்துப் போடும் மேடை, துணியின் நிறம் எடுப்பாகத் தெரிய விளக்கு, ஆளுயரக் கண்ணாடி, வாங்க வருபவர்கள் உட்கார ஸ்டூல். ஒவ்வொன்றையும் யாரோ யோசித்து, அளந்து, வரைந்திருக்கிறார்கள். காலையில் கடை திறந்ததிலிருந்து இரவு வரை அந்தத் தளத்தில் நிற்கும் விற்பனைப் பெண்ணின் கால்கள் மட்டும் அந்த வரைபடத்தில் இல்லை. சில கடைகளில் ஊழியர் உட்காரக் கூடாது என்பதே விதி. பல இடங்களில் அப்படி ஒரு விதிகூடத் தேவைப்படவில்லை, அந்தக் கேள்வியே யாருக்கும் எழவில்லை.

பெண்ணிய வடிவமைப்பு தொடங்குவது இந்த இடத்தில்தான். ஒரு பொருளையோ கட்டடத்தையோ செயலியையோ படிவத்தையோ உருவாக்கும்போது, யாரை 'சாதாரண மனிதர்' என்று மனதில் வைத்திருக்கிறோம், யாருடைய உழைப்பைக் கணக்கிலேயே எடுக்கவில்லை, முடிவெடுக்கும்போது யார் உடன் இருந்தார்கள் என்று கேட்பது. கேட்பதோடு நிற்காமல், கிடைக்கும் பதிலுக்கு ஏற்ப வேலை செய்யும் முறையை மாற்றிக்கொள்வது.

முதலில் ரோஸ் நிறத்தைப் பற்றிப் பேசிவிடலாம், ஏனென்றால் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது அதுதான். 2009ல் டெல் நிறுவனம் பெண்களுக்கென்று 'டெல்லா' என்ற இணையதளத்தைத் தொடங்கியது. அழகழகான வண்ணங்களில் சிறிய மடிக்கணினிகள், கூடவே கலோரி கணக்கிடவும் சமையல் குறிப்பு தேடவும் அவற்றைப் பயன்படுத்தலாம் என்ற யோசனைகள். பெண்களிடமிருந்தே கடும் எதிர்ப்பு வந்தது. சில வாரங்களில் அந்தத் தளம் கைவிடப்பட்டது. பெண்கள் ஒரு சந்தை என்று கண்டுகொண்டு அவர்களுக்கு விற்கப் பார்ப்பது விற்பனை உத்தி. அதில் பெண்ணியம் எதுவும் இல்லை.

அதே சமயம் ரோஸ் நிறமே தப்பு என்றும் சொல்லிவிட முடியாது. 2021 மே மாதம் முதல் தமிழ்நாட்டின் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் வருகிற பேருந்து கட்டணமில்லாததா இல்லையா என்று தூரத்திலிருந்து கண்டுபிடிப்பது சிரமமாக இருந்தது. 2022ல் சென்னையில் அந்தப் பேருந்துகளின் முன்பக்கத்திலும் பின்பக்கத்திலும் ரோஸ் வண்ணம் அடித்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கும் நிறம் தெரியும். அங்கே வண்ணம் ஒரு வேலையைச் செய்கிறது. அடுத்து, அந்தப் பாட்டி கையில் கூடையோடு ஏறும் அளவுக்குப் படி தாழ்வாக இருக்கிறதா என்றும் கேட்க வேண்டும்.

சராசரி மனிதர் என்பவர் யார்?

கார் விபத்துச் சோதனைக்குப் பயன்படுத்தும் பொம்மைகளைப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் உலகம் முழுக்க அதிகம் புழங்குவது 1976ல் ஜெனரல் மோட்டார்ஸ் உருவாக்கிய ஹைப்ரிட் 3 வகை. உயரம் சுமார் 175 செ.மீ., எடை சுமார் 78 கிலோ. அதாவது அந்தக் காலத்து அமெரிக்க ஆணின் நடுத்தர உடல். பெண் பொம்மை என்று ஒன்று பிறகு வந்தது. அதன் உயரம் சுமார் 150 செ.மீ., எடை 49 கிலோ. பெண்களிலேயே மிகச் சிறிய உடலமைப்பு உள்ளவர்களைக் குறிக்கும் அளவு அது. ஆண் பொம்மையைச் சுருக்கித்தான் அதையும் செய்தார்கள். இடுப்பெலும்பின் வடிவம், கழுத்தின் வலு, ஸ்டியரிங்குக்கு எவ்வளவு நெருக்கமாக உட்கார வேண்டியிருக்கிறது என்பதிலெல்லாம் பெண்ணுடல் வேறுபடுகிறது. சுருக்கினால் அது கிடைக்காது.

2011ல் அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் விபத்துத் தரவுகளை ஆராய்ந்தார்கள். சீட் பெல்ட் போட்ட ஆண், பெண் ஓட்டுநர்களை ஒரே மாதிரியான விபத்துகளில் ஒப்பிட்டபோது, பெண்ணுக்குப் பலத்த காயம் ஏற்படும் வாய்ப்பு 47 சதவீதம் அதிகமாக இருந்தது. சராசரிப் பெண்ணின் அளவில், சுமார் 162 செ.மீ. உயரமும் 62 கிலோ எடையும் கொண்ட ஒரு பொம்மையை சுவீடனில் ஆஸ்ட்ரிட் லிண்டர் தலைமையிலான குழு 2022ல்தான் காட்டியது.

அலுவலகத்தில் ஏசி குளிர் தாங்காமல் பெண்கள் துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பதும் இதே கதைதான். அறை வெப்பநிலைக்கான பழைய கணக்கீடு 70 கிலோ எடையுள்ள நாற்பது வயது ஆணின் உடல் எவ்வளவு வெப்பத்தை வெளியிடும் என்பதிலிருந்து வந்தது. நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2015ல் இதை எடுத்துச் சொன்னார்கள்.

யாரும் வேண்டுமென்றே பெண்களைக் காயப்படுத்த நினைக்கவில்லை என்பதால் இந்த உதாரணங்கள் எனக்கு முக்கியமாகப் படுகின்றன. ஓர் உடலை 'பொது உடல்' என்று எடுத்துக்கொண்டதும், அந்தத் தேர்வு ஒரு தேர்வு என்பதே மறந்துபோகிறது. அளவுகோலும் தரக்குறியீடும் சோதனை விதியும் அதன் மேலேயே கட்டப்படுகின்றன. நல்ல மனம் கொண்ட பொறியாளர் ஒருவர் புதிதாக வந்தாலும் அவர் கையில் இருப்பது அந்த அளவுகோல்தான்.

ஒரு சமையலறையின் கதை

பெண்ணிய வடிவமைப்பைக் கற்றுக்கொள்ள ஒரே ஒரு உதாரணம்தான் சொல்லலாம் என்றால் நான் ஃபிராங்க்ஃபர்ட் சமையலறையைச் சொல்வேன். அதில் வெற்றியும் இருக்கிறது, சிக்கலும் இருக்கிறது.

முதல் உலகப் போருக்குப் பிறகு ஜெர்மனியில் கடும் வீட்டுத் தட்டுப்பாடு. ஃபிராங்க்ஃபர்ட் நகராட்சி ஆயிரக்கணக்கில் தொழிலாளர் குடியிருப்புகளைக் கட்டத் தொடங்கியது. அதற்காக 1926ல் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர் ஒரு சமையலறையை வடிவமைத்தார். அகலம் சுமார் 1.9 மீட்டர், நீளம் சுமார் 3.4 மீட்டர். ரயிலின் உணவுப் பெட்டியில் இருக்கும் சமையலறைதான் அவருக்கு முன்மாதிரி. ஒரு வேலைக்கும் அடுத்த வேலைக்கும் எத்தனை எட்டு நடக்க வேண்டியிருக்கிறது என்று கணக்கிட்டார். சன்னலுக்குக் கீழே வேலைப் பலகை, உட்கார்ந்து காய் நறுக்கச் சுழலும் ஸ்டூல், கழிவைத் தள்ளிவிட ஒரு திறப்பு, அரிசிக்கும் சர்க்கரைக்கும் பெயர் எழுதிய அலுமினிய இழுப்பறைகள். சுமார் 10,000 வீடுகளில் இது பொருத்தப்பட்டது. இன்று நம் வீடுகளுக்கு வரும் மாடுலர் கிச்சனுக்கு இதுதான் பாட்டி.

அவருடைய நோக்கம் தெளிவானது. வீட்டு வேலையும் வேலைதான், தொழிற்சாலை வேலைக்குக் கொடுக்கும் அக்கறையை அதற்கும் கொடுக்க வேண்டும், பெண்ணின் நேரம் மிச்சமாக வேண்டும். 1920களில் அது பெரிய விஷயம். இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதுவரை தான் வீட்டை நிர்வகித்ததும் இல்லை, சமைத்ததும் இல்லை என்று பிற்காலத்தில் அவரே சொன்னார். 'பெண் என்பதால் சமையலறை பற்றி அவருக்குத் தானாகத் தெரியும்' என்று எல்லோரும் பேசியது அவருக்குப் பிடிக்கவில்லை. தெரிந்துகொள்ள வேண்டியதை ஆய்வு செய்து தெரிந்துகொண்டார். பெண் வடிவமைத்தால் அது பெண்ணிய வடிவமைப்பு என்று எளிதாக நினைத்துவிடுகிறோம். அந்த எண்ணத்தை அவர் கதை உடைக்கிறது.

சரி, சிக்கல் என்ன? அந்தச் சமையலறையில் ஒருவர்தான் வேலை செய்ய முடியும். கணவனோ மகனோ கூடமாட உதவி செய்ய இடம் இல்லை. முன்பு எல்லோரும் புழங்கும் பெரிய அறையில் நடந்த சமையல், இப்போது ஒரு பெண் தனியாக நிற்கும் அறைக்குள் போய்விட்டது. கூடத்தில் இருக்கும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள வசதியாக அவர் நகர்த்தும் கதவு ஒன்றை வைத்திருந்தார். ஆனாலும் 1970களுக்குப் பிறகு வந்த பெண்ணியவாதிகள், இந்த வடிவம் பெண்ணின் உழைப்பைக் குறைத்ததோடு அது அவளுடைய உழைப்பு மட்டும்தான் என்பதையும் சுவர் எழுப்பி உறுதி செய்துவிட்டது என்று விமர்சித்தார்கள். இரண்டுமே உண்மை என்றுதான் நினைக்கிறேன்.

கேள்வியையே வேறு மாதிரி கேட்டவர்களும் அந்தக் காலத்தில் இருந்தார்கள். லிலி பிரவுன் என்ற ஜெர்மானியப் பெண்ணியவாதி 1901ல் ஒரு யோசனை சொன்னார். ஐம்பது அறுபது வீடுகளுக்குச் சேர்த்து ஒரே சமையலறை, சம்பளத்துக்குச் சமைக்கும் ஆட்கள். வியன்னாவில் 1920களில் ஹைம்ஹோஃப் என்ற குடியிருப்பு அப்படியே கட்டப்பட்டது. 'ஒரு பெண் எப்படி வேகமாகச் சமைக்கலாம்' என்று கேட்டால் நல்ல இழுப்பறை கிடைக்கும். 'ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பெண் தனியாக ஏன் சமைக்க வேண்டும்' என்று கேட்டால் வேறு கட்டடமே கிடைக்கும். தமிழ்நாட்டில் 2022ல் தொடங்கிய அரசுப் பள்ளிக் காலை உணவுத் திட்டத்தை இந்தக் கண்ணோட்டத்தில் பார்க்கலாம். அது பெண்களின் வேலைச்சுமையைக் குறைப்பதற்கென்று வந்த திட்டம் இல்லை, குழந்தைகளின் பசிக்காக வந்தது. ஆனால் காலை ஏழு மணிக்கு ஒரு தாய் செய்துகொண்டிருந்த வேலையில் ஒரு பங்கை அது வீட்டுக்கு வெளியே, கூலி உள்ள இடத்துக்கு மாற்றுகிறது. இதையும் ஒரு வடிவமைப்பு முடிவாகப் பார்க்கப் பழகினால் நம் கண்ணுக்குத் தெரியும் உலகம் பெரிதாகிவிடும்.

பூங்காவைவிட்டுப் போன சிறுமிகள்

வியன்னா நகராட்சி 1990களில் பெண்களின் அன்றாடத்தை வைத்து நகரத் திட்டமிடலைத் திரும்பப் பார்த்தது. எவா கைல் என்ற திட்டமிடுநர் அதில் முன்னணியில் இருந்தார். 1990களின் நடுவில் செய்த ஓர் ஆய்வில், பத்து வயதை ஒட்டிச் சிறுமிகள் பூங்காவுக்கு வருவது வெகுவாகக் குறைகிறது என்று தெரிந்தது. காரணம் தடைச் சட்டமோ பெற்றோரின் கட்டுப்பாடோ மட்டும் இல்லை. பூங்காவின் நடுவே கம்பி வலை அடித்த ஒரே பந்து மைதானம், அதைப் பையன்கள் பிடித்துக்கொள்கிறார்கள். இடத்துக்குப் போட்டி போட வேண்டியிருந்தால் சிறுமிகள் விலகிப் போகிறார்கள்.

அதனால் ஐந்தாம் மாவட்டத்தில் இரண்டு பூங்காக்களை 1999ல் மாற்றி அமைத்தார்கள். பெரிய திறந்தவெளியைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்தார்கள், நடைபாதைகளைக் கூட்டினார்கள், கைப்பந்துக்கும் பாட்மிண்டனுக்கும் இடம் ஒதுக்கினார்கள். சிறுமிகள் திரும்பி வந்தார்கள். பையன்களை யாரும் வெளியே அனுப்பவில்லை, வேலியோ பெண்களுக்கு மட்டும் என்ற பலகையோ வைக்கவில்லை. எனக்கு இதில் பிடித்தது, பிரச்சினையைச் சிறுமிகளின் கூச்சத்தில் தேடாமல் தரையின் அமைப்பில் தேடியதுதான்.

அதே நகரத்தில் பெண் கட்டடக் கலைஞர்களே வடிவமைத்து 1997ல் முடிந்த 357 வீடுகள் கொண்ட ஒரு குடியிருப்பு இருக்கிறது. ஒவ்வொரு தளத்திலும் குழந்தை வண்டி நிறுத்த இடம், அக்கம்பக்கத்தார் நின்று பேசும்படியான மாடிப்படிகள், வளாகத்துக்குள்ளேயே குழந்தைகள் காப்பகம். அதற்கு மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கியின் பெயரைத்தான் வைத்தார்கள். அப்போது அவருக்கு நூறு வயது.

யாரோடு சேர்ந்து வரைவது?

இதுவரை சொன்னதெல்லாம் எதை வடிவமைப்பது என்பது பற்றி. எப்படி வடிவமைப்பது என்பதற்கு லண்டனில் 1980களின் தொடக்கத்தில் உருவான மேட்ரிக்ஸ் என்ற பெண் கட்டடக் கலைஞர்களின் கூட்டுறவு அமைப்பைப் பார்க்கலாம். கிழக்கு லண்டனில் ஒயிட்சாப்பல் பகுதியில் வங்காளப் பெண்கள் தங்களுக்கென்று ஒரு கல்வி மையம் வேண்டும் என்று அவர்களிடம் வந்தார்கள். ஜாகோநாரி என்று அதற்குப் பெயர். 1987ல் கட்டி முடிந்தது.

கட்டட வரைபடம் என்பது பழகாதவர்களுக்கு ஒன்றுமே புரியாத கோடுகள். வரைபடத்தைக் காட்டி 'பிடித்திருக்கிறதா' என்று கேட்டால் மரியாதைக்காகத் தலையாட்டுவார்கள். மேட்ரிக்ஸ் பெண்கள் அப்படிச் செய்யவில்லை. பிரித்துப் பிரித்து மாற்றிவைக்கக்கூடிய மாதிரிகளைச் செய்தார்கள். பிடித்த கட்டடங்களின் படங்களைக் கொண்டுவரச் சொன்னார்கள். லண்டனைச் சுற்றிக் கூட்டிப்போய், எந்தச் செங்கல் அழகாக இருக்கிறது என்று நேரில் பார்த்துப் பேசினார்கள். அந்தப் பகுதியில் இனவெறித் தாக்குதல்கள் நடந்துகொண்டிருந்த காலம் அது. பாதுகாப்பு வேண்டும், ஆனால் கட்டடம் சிறைபோல இருக்கக் கூடாது. அதனால் சன்னல்களுக்கு அலங்கார வேலைப்பாடு உள்ள கம்பிகள் வந்தன. குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள இடமும் திட்டத்திலேயே சேர்ந்தது.

இந்த அனுபவத்தில் இன்னொரு பாடமும் இருக்கிறது. 'பெண்கள்' என்று ஒரே கூட்டம் கிடையாது. அதே தெருவில் வாழ்ந்த வெள்ளையினப் பெண்ணுக்குச் சன்னல் கம்பியைப் பற்றி இவ்வளவு யோசிக்கத் தேவை இருந்திருக்காது. நம் ஊரில் சாதியும் வருமானமும் இதைத் தீர்மானிக்கின்றன. அடுக்குமாடிக் குடியிருப்பில் பெண்களைக் கேட்டு வடிவமைத்தேன் என்று ஒருவர் சொன்னால், அங்கே வீட்டு வேலைக்கு வரும் பெண்கள் எந்தக் கழிப்பறையைப் பயன்படுத்துகிறார்கள் என்று நான் கேட்பேன்.

திரைக்குள்

மென்பொருள் உலகத்துக்கு இந்தச் சிந்தனையை ஒழுங்காகக் கொண்டுவந்தவர்களில் ஷாவ்வென் பார்ட்செல் முக்கியமானவர். 2010ல் அவர் ஒரு ஆய்வுக் கட்டுரையில் ஆறு பண்புகளை முன்வைத்தார்: பன்மை, பங்கேற்பு, பரிந்து பேசுதல், சூழல், உடல், தன்னிலையைச் சொல்லுதல். முதல் மூன்றின் பொருள் பெயரிலேயே இருக்கிறது. சூழல் என்றால் பொருள் எங்கிருந்து வந்து எங்கே போய் முடிகிறது, யாரையெல்லாம் தொடுகிறது என்பது. மற்ற இரண்டைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

உடல். 2014ல் ஆப்பிள் தன் ஹெல்த் செயலியை வெளியிட்டபோது, உடல்நலம் பற்றிய எல்லாவற்றையும் பதியலாம் என்றது. மாதவிடாயைப் பதிய இடம் இல்லை. அடுத்த ஆண்டுதான் சேர்த்தார்கள். விமான நிலையத்து உடல் ஸ்கேனர்களில், வருபவரைப் பார்த்து ஆணா பெண்ணா என்று அதிகாரி ஒரு பொத்தானை அழுத்தும் முறை அமெரிக்காவில் இருந்தது. அந்த இரண்டில் எதற்கும் பொருந்தாத உடலை இயந்திரம் சந்தேகத்துக்குரியதாகக் காட்டியது. திருநர் பயணிகளுக்கு ஒவ்வொரு பயணமும் ஒரு சோதனையாகிவிட்டது.

தன்னிலையைச் சொல்லுதல் என்றால், ஒரு செயலியோ படிவமோ உங்களைப் பற்றி என்ன ஊகித்து வைத்திருக்கிறது என்பதை மறைக்காமல் காட்டுவது. 'ஒரு போன், ஒரு ஆள்' என்பது அப்படி ஓர் ஊகம். இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசத்தில் பெண்கள் போனை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று பார்த்த ஓர் ஆய்வு 2018ல் வெளிவந்தது. கணவன், குழந்தைகள், மாமியார் என்று வீட்டில் பலரும் அவளுடைய போனை எடுக்கிறார்கள். போனுக்கே பூட்டுப் போட்டால் சந்தேகம் வரும். அதனால் செயலிக்கு மட்டும் பூட்டுப் போடுகிறார்கள், பார்த்ததை ஒவ்வொன்றாக அழிக்கிறார்கள், சிலவற்றைத் தேடாமலே விட்டுவிடுகிறார்கள். 'முழு வரலாற்றையும் அழி' என்ற ஒரே பொத்தான் அவளுக்கு ஆபத்து. குறிப்பிட்ட ஒன்றை மட்டும் சத்தமில்லாமல் அழிக்கும் வசதிதான் அவளுக்கு வேண்டும்.

படிவத்துக்கு வருவோம். பான் அட்டை விண்ணப்பத்தில் தந்தை பெயர் கட்டாயமாக இருந்தது. தனியாக வளர்க்கும் தாயின் பிள்ளைகள் தாய் பெயரை மட்டும் கொடுத்தால் போதும் என்று 2018 இறுதியில்தான் விதி மாறியது. ஒரு கட்டத்துக்குப் பக்கத்தில் சிவப்பு நட்சத்திரக் குறி போடுவது நொடியில் முடியும் வேலை. நீங்கள் படிவம் தயாரிப்பவராக இருந்தால் ஒவ்வொரு நட்சத்திரக் குறிக்கும் காரணம் எழுதி வையுங்கள். காரணம் எழுத முடியாத கட்டத்தை எடுத்துவிடுங்கள்.

எங்கிருந்து தொடங்குவது என்று மாணவர்கள் கேட்பதுண்டு. கையில் இருக்கும் வேலையிலிருந்தே தொடங்கலாம். திட்டக் குறிப்பின் முதல் பக்கத்தில், இதை வடிவமைக்கும் நான் யார், எனக்கு நேரடியாகத் தெரியாதது எது என்று எழுதுங்கள். அடுத்து, இந்தப் பொருள் வேலை செய்ய யாருடைய கூலியில்லா உழைப்பு தேவைப்படுகிறது என்று எழுதுங்கள். யார் துடைப்பார்கள், யார் தண்ணீர் நிரப்புவார்கள், கடவுச்சொல் மறந்துபோனால் யார் உதவுவார்கள் என்பதுவரை.

பங்கேற்பு என்பது செலவு பிடிக்கும் வேலை என்பதையும் முன்கூட்டியே ஒத்துக்கொள்ள வேண்டும். லண்டன் பெருநகர மன்றம் 1986ல் கலைக்கப்பட்டபோது மேட்ரிக்ஸ் மாதிரி அமைப்புகளுக்கு வந்துகொண்டிருந்த நிதி சுருங்கியது. 1990களின் நடுவில் அவர்கள் நிறுத்திவிட்டார்கள். வேலைக்குப் போகும் பெண்களைக் காலை பத்தரை மணிக் கூட்டத்துக்குக் கூப்பிட்டுவிட்டு, யாரும் வரவில்லை என்று அறிக்கை எழுதக் கூடாது. அவர்களுக்கு ஓய்வு கிடைக்கும் நேரத்தைக் கேளுங்கள், அவர்கள் இடத்துக்குப் போங்கள், அன்றைய கூலியைக் கொடுங்கள், குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒருவரைக் கூட்டிப்போங்கள். அவர்கள் சொன்னதை வைத்துத் திருத்திய வரைபடத்தோடு இன்னொரு முறையும் போக வேண்டும். அந்த இரண்டாவது பயணத்துக்கான பணத்தைத் திட்டம் தொடங்கும்போதே ஒதுக்கி வையுங்கள், பிற்பாடு கேட்டால் பெரும்பாலும் கிடைக்காது.